எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த லட்சணம்

வரி கட்டச் சொன்னால் எவனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் எரிந்தது. எரிந்ததோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நான் அந்த வயிற்றெரிச்சலுக்குக் கொடி கட்டி, தமுக்கு அடித்து, தெருத் தெருவாக ஊர்வலம் விட்டேன். அதற்குக் கிடைத்த கூலியைத்தான் சொல்ல வருகிறேன். முப்பது வருஷம் ஆகப் போகிறது. நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். (பல் நாலைந்துதான் பாக்கி. ஆனாலும் கடிக்கிற வேகம் குறையவில்லை.)

ஊர் பெயர் சொல்ல மாட்டேன். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அன்றைய பஞ்சாயத்து போர்டு ஆசாமிகளின் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். போர்டுக்கு ஒரு கிணறு, ஒரு எண்ணெய் இஞ்சின், ஒரு தொட்டி உண்டு. அதிலிருந்து கிளம்பிய குழாய் கடைவீதி வரைக்கும் வந்து, எங்கள் தெருவைப் பார்த்ததும் பயந்தது போல அங்கேயே நின்றுவிட்டது.

தறிக்காரனுக்குக் குடிக்கவும் குளிக்கவும் மட்டும் தண்ணீர் இருந்தால் போதாது. நெய்வதற்கு முன் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாக நீவிக் காயவிட வேண்டும். அந்தக் கஞ்சிக்கும் தண்ணீர் வேண்டும். அத்தனையும் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து பெண்கள் இடுப்பில்தான் வந்தாக வேண்டும். என் மனைவி செல்லாயி இளம்பிள்ளைக்காரி. பிறந்த வீட்டில் கொல்லையிலேயே கிணறு. பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தண்ணி வசதி எப்படிங்க மாப்பிள்ளை?”

“ஆறே மாசத்துல எங்க தெருவுக்குக் கொழாய் வந்துருமுங்க மாமா” என்றேன்.

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கல்யாணமாகி மூன்று வருஷம் அவள் குடம் சுமந்தாள். ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்ப்பாள். பேசமாட்டாள். பேசியிருந்தால்கூடத் தேவலை.

அந்தச் சமயத்தில்தான் போர்டு எலெக்‌ஷன் வந்தது. வீட்டு வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. அப்பா காலமாகி வரி என் பெயருக்கு மாறியிருந்ததால் முதல் தடவையாக எனக்கும் ஓட்டு வந்தது. வரி என் பெயரில், ஓட்டும் என் பெயரில், குடம் மட்டும் செல்லாயி பெயரில்.

பிரசிடெண்ட் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கம்பவுண்டர் அருளப்பன். மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி ரிட்டயரானவர். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் முழங்கால் போட்டிருக்கிற நேரம் தவிர, மற்ற நேரமெல்லாம் ஊரைத் திட்டிக்கொண்டிருப்பார். ஓட்டுக் கேட்டு வந்தவர் கேட்ட லட்சணத்தைப் பாருங்கள்:

“தண்ணி வேணுமா? வரியைக் கூடக் கட்டு. கட்ட மாட்டியா? ஏரிக்கரைக்கு நட. சும்மா கொட்டறதுக்கு அது என்ன மழையா? எனக்கு ஓட்டுப் போட்டா வரி ஏத்துவேன், இப்பவே சொல்லிப்போட்டேன். அப்பறம் வந்து அழுதா செருப்பாலடிப்பேன்.”

உண்மையை இவ்வளவு அசிங்கமாகச் சொன்ன மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சொல்கிற முறையில் சொல்லித் தொலைத்திருந்தால் எங்கள் தெருவுக்கு நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

இன்னொருவர் நூல்மண்டி அங்கமுத்து. எங்களுக்கெல்லாம் நூல் விற்கிறவர். ஜவ்வாது வாசனை, வெள்ளை வேட்டி, வாயைத் திறந்தால் வெல்லப்பாகு. அவர் வீடு வீடாக வந்து, எங்கள் குழந்தைகளின் மூக்கைக்கூட அருவருக்காமல் துடைத்துவிட்டார்.

“சாமி, ஊட்டு வரியைப் பாதியாக் கொறைச்சுப்புடறேனுங்க. கொழாயும் போட்டுத் தாரேனுங்க. நீங்க நெய்யறதைப் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

வரியும் பாதி, குழாயும் உண்டு! எட்டாவது வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான் அந்தத் தெருவில். “அது எப்படிங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோஷம் கட்டினேன்: “பாதி வரி! வீதிக்கு வீதி தண்ணி!” என் குரல் அப்போது கணீரென்று இருக்கும். கம்பவுண்டர் வீட்டு வாசலில் நின்று இதை அரைமணி நேரம் கத்தினேன். அவர் வெளியே வந்து, “முட்டாப் பயலே, தொண்டை கட்டிக்கும், உப்புத் தண்ணி கொப்புளி” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் செல்லாயி கேட்டாள். “ஏனுங்க, காசைக் கொறைச்சுப்போட்டா கொழாயை எதுல போடுவாராம்?”

“அதெல்லாம் அரசியல் அம்மிணி. உனக்குப் புரியாது” என்றேன்.

அவள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். (இந்த ஒரு வாக்கியத்தை, “உனக்குப் புரியாது” என்பதை, என் வீட்டில் இன்றுவரை யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.)

அப்போதெல்லாம் ஓட்டுப் பெட்டி ஆளுக்கொரு நிறம்: கம்பவுண்டருக்குப் பச்சைப் பெட்டி, அங்கமுத்துவுக்கு நீலப் பெட்டி. எங்கள் தெரு ஓட்டு மொத்தமும் நீலப் பெட்டிக்குள் போனது. அவர் ஜெயித்தார். சொன்னபடியே முதல் வேலையாக வரியைக் குறைத்தார். நாங்கள் அவரை மாட்டு வண்டியில் உட்கார வைத்து ஊரைச் சுற்றினோம்.

அடுத்த மாசமே எங்கள் தெரு விளக்குக் கம்பத்துக்கு எண்ணெய் ஊற்ற ஆள் வரவில்லை. அதற்கடுத்துக் குப்பை வண்டி வரவில்லை. சாக்கடை நிரம்பி, பாவு இழுக்கிற இடம் வரைக்கும் வந்து நின்றது. நான் போர்டு ஆபீசுக்குப் போய் மேஜையைக் குத்தினேன். “எங்க பணத்தையெல்லாம் தின்னு ஏப்பம் விடறீங்களா?” என்று குமாஸ்தாவைக் கேட்டேன். எந்தப் பணம் என்று அந்த மனிதர் திருப்பிக் கேட்டிருக்கலாம். பாவம், கேட்கவில்லை, மேஜையிலிருந்து சிந்திய மையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தெரு புகையத் தொடங்கியது அங்கமுத்துவின் காதுக்கு எட்டியது. ஒருநாள் காலையில் நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தம்பி மாரிமுத்து, வர்ற வெள்ளிக்கெழமை உங்க தெருவுக்குக் கொழாய் தெறக்கறோம். விழாவுக்கு நீங்கதான் தலைவர். கொழாயே உங்க ஊட்டுக் கொல்லைச் செவத்தை ஒட்டித்தான் வைக்கப் போறேன். உங்களைவிட்டா வேற யாருக்கு அந்த மரியாதை?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு ஆட்கள் வந்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் தெருவரை நீண்ட எங்கள் கொல்லையின் சுவருக்கு வெளியே ஒரு கல்தூண் நட்டு, அதில் பளபளவென்று பித்தளைக் குழாயைப் பொருத்தினார்கள். கடைவீதியிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் பூமியில் ஒரு சாண் பள்ளம்கூட யாரும் தோண்டவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. கண்ணுக்கு நேரே பித்தளை மின்னும்போது பூமியை எவன் பார்க்கிறான்?

விழாவுக்கு நான் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். தெரு முனையில் மூங்கில் தோரண வாசல் கட்டினேன். மாவிலையும் வாழைமரமும் எல்லாரும் கட்டுவார்கள்; நான் குடங்களைக் கட்டினேன். “இனி இந்தக் குடங்களுக்கு ஏரிக்கரையில் வேலையில்லை” என்று காட்ட வேண்டுமாம். வியாழக்கிழமை மத்தியானமே வீடு வீடாகப் போய்ப் பித்தளைக் குடம், மண் குடம், தவலை எல்லாவற்றையும் வாங்கி வந்து, கழுத்தில் கயிறு போட்டு வாசல் முழுக்கத் தொங்கவிட்டேன். பெண்கள் ஆட்சேபித்தார்கள். “ஒரு நாள் தண்ணி எடுக்காமப் போனாச் செத்தா போயிருவீங்க? விடிஞ்சா கொழாயில கொட்டப் போவுது!” என்று அதட்டினேன்.

அதோடு விட்டேனா? தறிக்காரர் தெருவில் முதல் தண்ணீர் பாவுக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு புதுச் சம்பிரதாயத்தையும் அன்றைக்கே உண்டாக்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் என் பாவைத் தெருவில் இழுத்துக் கட்டினோம். அங்கமுத்து மண்டியில் வாங்கிய நூல், சேலத்து வியாபாரி ஒருவருக்கு நெய்து தர வேண்டிய கல்யாணச் சேலைகளுக்கான பாவு. வீட்டில் மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீரில் கஞ்சியைக் கூழ் போலக் கெட்டியாகக் காய்ச்சி வைத்தேன். அங்கமுத்து குழாயைத் திறந்ததும், அந்தத் தண்ணீரில் கஞ்சியைக் கரைத்து நூலுக்குப் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

நேரம் ஏறிக்கொண்டே போனது. அங்கமுத்து வந்தார். மாலை போட்டோம். பொங்கல் தயாராக இருந்தது. செல்லாயி இலையில் பொங்கல் கொண்டுவந்து கொடுக்க, அவர் நெய் வழிய வழியச் சாப்பிட்டார்.

“அருமை அம்மிணி! இந்த ருசி என்ற ஊட்டுல வாராது. என்ன தண்ணி ஊத்திச் செஞ்சீங்க?” என்று வேறு கேட்டார்.

செல்லாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு நான் பேசினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று கேட்காதீர்கள். பாவில் வெயில் ஏறுகிறது, நூல் முறுகுகிறது என்று பக்கத்து வீட்டு அர்த்தனாரி அண்ணன் சைகை காட்டினார். எனக்கும் பயம் வந்தது. “தண்ணிதான் இதோ வரப் போவுதே, கஞ்சியைப் போடுங்க! மேலே தண்ணி தெளிச்சுக்கலாம்!” என்று மேடையிலிருந்தே உத்தரவு போட்டேன். எந்தத் தறிக்காரனும் செய்யாத காரியம் அது. கெட்டிக் கஞ்சியை அப்படியே நூலில் அப்பினார்கள். அர்த்தனாரி அண்ணன் மட்டும், “மாரி, கொழாயைத் தெறந்துட்டுப் போடலாமடா” என்று கெஞ்சினார். நான் கேட்டால்தானே?

அங்கமுத்து எழுந்தார். குழாய்க்குச் சந்தனம், குங்குமம், மாலை. நாதஸ்வரம் உச்சத்தில் நின்றது. அவர் கைக்குட்டையால் பிடித்துக் குழாயைத் திருகினார்.

“புஸ்ஸ்ஸ்…”

அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் திருகினார். இன்னும் கொஞ்சம் காற்று. கடைசியில் ஒரே ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்து, மாலையில் ஏறி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

அங்கமுத்துவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் கொல்லையைப் பார்த்து, “டேய் சின்னான்! ஏண்டா, பீப்பாயைப் பாருடா!” என்று கத்தினார்.

பீப்பாய்! முந்தின நாள் பொழுது சாய அவருடைய ஆட்கள் ஒரு பெரிய பீப்பாயை வண்டியில் கொண்டுவந்து எங்கள் கொல்லையில் மேடை போட்டு வைத்து, தண்ணீர் நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் பார்த்தேன். வருகிறவர்கள் குடிப்பதற்கு என்று நினைத்தேன். அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் சுவருக்கு அடியில் போய்த் தெருக் குழாயோடு சேருகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? விழா நடக்கிற நேரத்துக்கு மட்டும் தண்ணீர் கொட்டுமாம். கைதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாராம். மறுநாள் வரவில்லை என்றால் இஞ்சின் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்வாராம்.

சின்னான் சுவர் மேல் தலையை நீட்டினான். “பீப்பாய் காலிங்க!”

“காலியா? எப்படிடா காலியாச்சு?”

செல்லாயி முன்னால் வந்தாள். குரலில் ஒரு துளி வெட்கம் இல்லை.

“அந்தத் தண்ணியா சாமி? தெருவுல இருந்த கொடம் பூராவும் எங்க ஊட்டுக்காரரு தோரணத்துல கட்டிப்போட்டாரு. எதுல போயித் தண்ணி மோக்கறது? உங்க ஆளுங்களைக் கேட்டேன், விழாவுக்குத் தண்ணின்னாங்க. விழான்னா பொங்கல்தானுங்களே? காத்தாலயே எல்லாருமா செம்புல மொண்டு பொங்கலுக்கு ஊத்திட்டமுங்க. மிச்சத்துல புள்ளைகளுக்குத் தலைக்கு வாத்தாச்சு. இப்ப நீங்க சாப்ட்டு ருசியாயிருக்குதுன்னீங்களே, அது அந்தத் தண்ணிதானுங்க.”

தெரு சுவரையும் பொங்கல் இலையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சிரித்தது பாருங்கள்! நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. “ஏமாத்துக்காரா!” என்று முதல் குரல் கொடுத்தது நான்தான். அதுவரைக்கும் என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. பாய்ந்துபோய் அவர் மாலையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க ஓட்டை வாங்கிட்டு எங்களுக்கே பீப்பாயா? கொழாய் எங்கய்யா?”

அங்கமுத்து அப்போதுதான் வெல்லப்பாகை விட்டுவிட்டு மனிதன் மாதிரி பேசினார். “கொழாயா? எதுல போடறது? என்ற மண்டியை வித்தா? வரியைப் பாதியாக்குன்னு நடுத்தெருவுல நின்னு தொண்டை கிழியக் கத்துனது ஆரு? நானா? நீதானே! கொறைச்சேன். மாட்டு வண்டியில வெச்சு ஊர்வலம் உட்டியே, அப்பக் கேட்டியா கொழாய்க்குக் காசு எங்கேன்னு? வெளக்குக்கு எண்ணெய் ஊத்தவே போர்டுல காசில்ல!”

அயோக்கியன். ஆனால் அந்த அயோக்கியன் அன்று சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக அடித்திருப்பேன். மாலையை விட்டுவிட்டேன்.

அவர் சந்தில் புகுந்து ஓடப் பார்த்தார். ஆனால் தெரு நீளத்துக்கு என் பாவு கிடக்கிறதே! தாண்டப் போனவர் வேட்டி தடுக்கிக் கெட்டிக் கஞ்சிக்குள்ளேயே உட்கார்ந்தார். எழுந்தபோது பாவு நூலில் பாதி அவரோடு எழுந்தது. அதே கோலத்தில் தோரண வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஓட, வாசல் ஆடியது. துரத்திக்கொண்டு போன என் தலையில் ஒரு பித்தளைக் குடம் ணங்கென்று விழுந்தது. அதுவும் செல்லாயியின் குடம். குடம் நெளிந்துவிட்டது. (என் தலை நெளியவில்லை என்பதற்கு அவள் இன்றுவரை சொல்லும் காரணத்தை இங்கே எழுத மாட்டேன்.)

பாவு காய்ந்து அப்பளமாகிவிட்டது. இழையைப் பிரித்தால் ஒடிந்தது. கல்யாணச் சேலை போனது, வியாபாரி போனார். பெண்களெல்லாம் மண்டை கொதிக்கிற வெயிலில் தோரணத்திலிருந்து அவரவர் குடத்தை அவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பினார்கள். ஒவ்வொருத்தியும் என்னைத் தாண்டும்போது சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

கடைசியாகச் செல்லாயி வந்தாள். நெளிந்த குடத்தை என் காலடியில் வைத்தாள்.

“ஓட்டு உங்களுது. கொடமும் இனிமே உங்களுது. கொழாய் வார வரைக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை சோறு வரவில்லை. தண்ணீர் இருந்தால்தானே உலை ஏறும்? கடைசியில் நான் குடத்தை எடுத்தேன். இடுப்பில் நிற்கவில்லை, தோளில் வைத்தேன். “பாதி வரி! வீதிக்கு வீதி தண்ணி!” என்று வழியெல்லாம் சின்னப் பயல்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். நான் கட்டிய கோஷம். என் குரலைவிட நன்றாகவே கத்தினார்கள். வீடு வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது, மீதி என் சட்டையில். அந்த வழி அவ்வளவு தூரம் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அங்கமுத்து மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது. அழுகையும் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் சுமந்தேன். அந்த எலெக்‌ஷனில் கம்பவுண்டர் வீட்டுக்குப் போய், “உங்களுக்கு வேலை செய்ய வந்திருக்கறேனுங்க” என்றேன். “மொதல்ல தோளைக் காட்டு” என்றார். தோளில் குடம் பதிந்த தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “ம், இப்ப நீ ஓட்டுப் போட லாயக்கு” என்றார். கிழவருக்கு வாய் அடங்கவே இல்லை. தெருத் தெருவாகப் போய், “வரி கூடக் கட்டுவோம், கணக்குக் கேட்போம்” என்று கத்தினேன். என்னைக் கல்லால் அடித்த தெருக்களும் உண்டு. ஆனால் எங்கள் தெருப் பெண்கள் அவரவர் வீட்டு ஆண்களிடம் குடத்தை நீட்டினார்கள். பச்சைப் பெட்டி ஜெயித்தது.

வரி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினோம். கட்டிய கையோடு மாசாமாசம் போர்டு ஆபீசுக்குப் போய், போன காசு எங்கே போனது என்று குமாஸ்தாவின் உயிரை எடுத்தோம். (அந்தக் குமாஸ்தாவிடம் பழைய மைக்கு மன்னிப்பும் கேட்டேன்.) ஒருவழியாகக் குழாய் வந்தது. திறப்பு விழா வேண்டாம் என்று செல்லாயி சொல்லிவிட்டாள். ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு கடைவீதி வரைக்கும் நடந்து, பூமியில் குத்திக் குத்திப் பார்த்து, டங் டங் என்று இரும்புச் சத்தம் கேட்ட பிறகுதான் குழாயடியில் குடத்தை வைத்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வந்தால், “தலைவர் பேசறாரு, கை தட்டுங்க” என்று பேரன் பேத்திகள் கத்துவார்கள். அது போகட்டும், பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பயமே வேறு. எலெக்‌ஷன் வந்து, யாராவது வாசலில் நின்று “வரியைக் குறைக்கிறேன், எல்லாம் செய்து தருகிறேன்” என்று ஆரம்பித்தால் போதும். செல்லாயி எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து அந்த நெளிந்த குடத்தை எடுத்து வந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போவாள். போன தடவையும் வைத்தாள். வந்தவரிடம் நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, “எதுலங்க செய்வீங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்று கேட்டேன். அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் குடத்தைத் தொடவில்லை.